பெண்கள் விளையாட்டுக்குக் கூட்டம் வருவதில்லை என்பது இயல்பா?

"பெண்கள் ஆடும் ஆட்டத்தில் ஆண்கள் ஆட்டத்தின் வேகமும் வலுவும் இருப்பதில்லை, ஆகையால் பார்க்க வருவோர் குறைவு, பார்ப்போர் குறைந்தால் பரிசும் சம்பளமும் குறைவது இயல்புதானே, இதில் பாகுபாடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி இது. அதனால் அதற்கு முழுமையாகப் பதில் சொல்வதே முறை. உங்கள் கேள்வியில் மூன்று கூற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது ஓர் எல்லைக்குள் உண்மை. மூன்றாவது, இரண்டாவதைத் தாங்கலாகக் கொண்டு நிற்கிறது. எனவே நடுவில் இருப்பதை, அதாவது கூட்டம் வருவதில்லை என்பதை, முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தானாக அமைந்த நிலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதை அமைத்தவர்கள் யார், எந்த நாளில், எந்தத் தீர்மானத்தின் மூலம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளில் ஆண்களின் இடத்துக்குப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் 1917இல் ஒரு கால்பந்து அணியாகச் சேர்ந்தார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கு நிதி திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டங்களுக்கு மக்கள் திரண்டு வந்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் அரங்கில் அவர்கள் ஆடியபோது உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் மேலும் பல்லாயிரம் பேர். அதற்கு ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு, அதை ஊக்குவிக்கக் கூடாது, சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டத்துக்குத் தரக் கூடாது என்பது அதன் சாரம். திரட்டிய பணம் முழுமையாக அறச்செயலுக்குப் போய்ச் சேரவில்லை என்ற குற்றச்சாட்டும் அதோடு இணைக்கப்பட்டது. அந்தத் தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது.

அந்த 50 ஆண்டுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண்கள் பந்தை உதைப்பதை யாரும் முற்றிலும் தடுத்துவிடவில்லை. பூங்காக்களிலும் வேறு திடல்களிலும் அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பார்வையாளர் அமரும் மேடையும், நுழைவுச்சீட்டு விற்கும் வாயிலும், முடிவுகளை அச்சிடும் நாளிதழும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டன. அதே காலத்தில்தான் ஆண்கள் கால்பந்து வானொலிக்கு வந்தது, உலகக் கோப்பை தொடங்கியது, தொலைக்காட்சிக்கு ஏறியது, தகப்பன் கைபிடித்து மகனும், பின்னர் பேரனும் ஒரே கழகத்தின் வண்ணத்தை அணியும் பழக்கம் குடும்பங்களில் வேரூன்றியது. விளையாட்டு ரசனையில் பெரும்பகுதி இந்தப் பழக்கத்தால் ஆனது என்பது என் கருத்து. தரமான ஆட்டம் என்பதற்காக மட்டுமே ஒருவர் மழையில் நனைந்துகொண்டு தன் ஊர் அணியைப் பார்க்கப் போவதில்லை. அந்த அணியின் கதை தன் கதையாகிவிட்டதால் போகிறார். பெண்களின் அணிகளுக்கு அந்தக் கதை சேர்வதற்கான அரை நூற்றாண்டு கிடைக்கவே இல்லை. இன்று இருதரப்பின் வருவாயையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவர்கள் இந்த அரை நூற்றாண்டைக் கணக்கில் கழிப்பதில்லை.

இங்கிலாந்து மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிரேசிலில் 1941இல் அரசாணை மூலமாகவே தடை வந்தது. அது 1979 வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துக் கூட்டமைப்பு 1955இல் விதித்த தடையை 1970இல்தான் விலக்கிக்கொண்டது. தடைகள் தளர்ந்த கையோடு, 1971இல் மெக்சிகோவில் பெண்களுக்கான ஓர் உலகப் போட்டி நடந்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அதை அங்கீகரிக்கவில்லை. அதன் இறுதி ஆட்டத்தைக் காண அஸ்டெகா அரங்குக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர். ஃபிஃபா தன் பெயரில் பெண்களுக்கு உலகப் போட்டி நடத்தியது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1991இல். அப்போதும் ஆட்டத்தின் நேரம் 90 நிமிடமாக இல்லாமல் 80 நிமிடமாகவே வைக்கப்பட்டது. 2022இல் பார்சிலோனாவின் காம்ப் நோ அரங்கில் ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை 91,000க்கும் மேற்பட்டோர் பெண்கள் ஆட்டத்துக்கு வந்தபோது, காலம் மாறிவிட்டது என்று எழுதினார்கள். 1920ஐயும் 1971ஐயும் அறிந்தவருக்கு அது பழைய கூட்டத்தின் மறுவருகையாகவே தோன்றும்.

கிரிக்கெட்டில் இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. ஒருநாள் ஆட்டங்களுக்கான உலகக் கோப்பையை முதலில் ஆடியவர்கள் பெண்கள், அது 1973இல். ஆண்களின் முதல் உலகக் கோப்பை 1975இல்தான் நடந்தது.

இனி உடலைப் பற்றிய கூற்றுக்கு வருகிறேன். பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்ற வாதம், பணத்தைப் பற்றிய வாதத்துக்கு மூத்தது. நவீன ஒலிம்பிக்கை உருவாக்கிய பியர் தெ கூபர்த்தேன் இறுதிவரை பெண்கள் பங்கேற்பதை விரும்பியவர் இல்லை. 1896 ஏதென்ஸ் போட்டியில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. 1900 பாரிஸ் போட்டியில் 997 பேரில் 22 பேர் மட்டுமே பெண்கள். தடகளத்தின் கதவு திறக்காததால், பிரான்ஸைச் சேர்ந்த அலிஸ் மிலியா என்பவர் 1921இல் பெண்களுக்கெனத் தனியாக ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்து, 1922இல் பாரிஸில் பெண்களுக்கான ஒலிம்பிக்கையே நடத்திக் காட்டினார். அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 1934 வரை தொடர்ந்தது. இந்த நெருக்கடி இல்லாமல் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்த ஐந்தில் ஒன்றுதான் 800 மீட்டர் ஓட்டம். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலகச் சாதனையோடு வென்றார். மறுநாள் நாளிதழ்கள் சாதனையைப் பெரிதாக எழுதவில்லை. ஓடியவர்கள் சுருண்டு விழுந்தார்கள், பாதியில் நின்றார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள் என்பதைப் பதிவுகளும் எஞ்சியிருக்கும் படச்சுருளும் காட்டுகின்றன. முடிவுக்கோட்டைக் கடந்தபின் களைத்துத் தரையில் சாய்வது எந்த நடுத்தர ஓட்டத்திலும் காணக்கூடியது. ஆனாலும் அந்தச் செய்திகளே ஆதாரமாக ஏற்கப்பட்டன. 800 மீட்டர் நீக்கப்பட்டு, அடுத்த 32 ஆண்டுகளுக்கு, அதாவது 1960 வரை, ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓடும் தனிநபர் போட்டி எதுவும் இல்லை.

இதோடு 1908 லண்டன் மாரத்தானை ஒப்பிடுங்கள். இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்குக்குள் வந்தபின் பலமுறை விழுந்தார், திசை தவறினார், அதிகாரிகள் கைத்தாங்கலாகப் பிடித்து அவரைக் கோட்டைக் கடக்கச் செய்தார்கள். உதவி பெற்றதால் பதக்கத்தை இழந்தார். ஆனால் மறுநாள் அரசி அவருக்குச் சிறப்புக் கோப்பை கொடுத்துப் பாராட்டினார். ஆண் விழுந்தது மனவுறுதியின் சின்னமாயிற்று. ஆண்களின் மாரத்தானை நீக்கிவிட வேண்டும் என்று அதைக் காரணம் காட்டி எவரும் முடிவெடுக்கவில்லை. பெண் விழுந்ததாகச் சொல்லப்பட்ட செய்தி ஒரு தலைமுறைக்கும் மேலாக ஓட்டத்தை மூடியது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பொருள் கொள்ளும் இந்தப் பார்வையைத்தான் நான் பாகுபாடு என்கிறேன்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக, மிக மெதுவாகத் திறந்தன. 400 மீட்டர் 1964இல், 1500 மீட்டர் 1972இல், மாரத்தான் 1984இல், 10,000 மீட்டர் 1988இல், 5,000 மீட்டரும் மும்முறை தாண்டுதலும் 1996இல், கோலூன்றித் தாண்டுதலும் சங்கிலிக்குண்டு எறிதலும் 2000இல், 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டமான ஸ்டீப்பிள்சேஸ் 2008இல். பாஸ்டன் மாரத்தானில் 1966இல் பாபி கிப் புதரில் மறைந்து நின்று கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து எண்ணுடன் ஓடினார். போட்டி அலுவலர் ஒருவர் வழியில் பாய்ந்து அந்த எண்ணைக் கிழிக்க முயன்ற படங்கள் உலகெங்கும் பரவின. அங்கே பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். அதற்குப் பிறகு 12 ஆண்டுகளில் ஒலிம்பிக் மாரத்தானை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அதே ஓட்டத்தில் வெப்பத்தால் தள்ளாடியபடி வந்த சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ், கடைசிச் சுற்றை ஐந்து நிமிடங்களுக்கும் மேல் நடந்து 37ஆவதாக முடித்தபோது, அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. 1928இல் நடந்திருந்தால் அதன் விளைவு என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பனிச்சறுக்குத் தாண்டுதலின் கதை இன்னும் அண்மையானது. ஆண்களுக்கு 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருந்த அந்தப் போட்டி பெண்களுக்குக் கிடைத்தது 2014இல். உயரத்திலிருந்து இறங்கும் அதிர்ச்சி பெண்ணுடலுக்கு ஆகாது என்ற பேச்சு 2005இல்கூட அந்த விளையாட்டின் சர்வதேசத் தலைமையிடமிருந்து வந்தது. இத்தகைய வாதங்களின் அமைப்பு எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்: ஆடவிடாததால் தரவு சேர்வதில்லை, தரவு இல்லாததால் ஆபத்து என்று சந்தேகிக்கப்படுகிறது, சந்தேகம் இருப்பதால் ஆடவிடுவதில்லை.

இப்படிச் சொல்வதால் உடல் வேறுபாடே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். வேறுபாடு உண்டு, அது சிறியதும் இல்லை. பூப்புப் பருவத்தில் ஆணுடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் தசையின் அளவையும், எலும்பின் நீளத்தையும், குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. 100 மீட்டர் உலகச் சாதனை ஆண்களுக்கு 9.58 விநாடி, பெண்களுக்கு 10.49 விநாடி, நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டரும் 7.52 மீட்டரும். ஓட்டங்களில் பத்து விழுக்காட்டையொட்டியும் தாண்டுதல்களில் அதைவிடக் கூடுதலாகவும் இடைவெளி இருக்கிறது. பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இருப்பதற்கு இதுவே காரணம். அந்தப் பிரிவு இல்லையென்றால் பெரும்பாலான இறுதிச் சுற்றுகளில் ஒரு பெண்ணையும் காண முடியாது.

ஆனால் தனிப் பிரிவு வேண்டும் என்பதிலிருந்து அது தாழ்ந்த பிரிவு என்ற முடிவு எப்படி வந்தது? குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் உண்டு. இலகு எடை வெற்றியாளரைக் கனஎடைக்காரர் ஒரே அடியில் வீழ்த்திவிடக்கூடும். அதற்காக இலகு எடைச் சண்டையைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. தன் எடைக்குள் அவர் காட்டும் வேகத்தையும் நுட்பத்தையும் அதற்குரிய அளவுகோலால் அளக்கிறோம், சில காலங்களில் கனஎடைச் சண்டையைவிட அதையே விரும்பிப் பார்க்கிறோம். பிரிவு என்பது, தன்னால் மாற்ற முடியாத ஒன்றை ஒதுக்கிவைத்து, மாற்றக்கூடியவற்றில் யார் சிறந்தவர் என்று காண்பதற்கான ஏற்பாடு. பெண்கள் பிரிவைப் பற்றி மட்டும், ஆண்களோடு மோதினால் தோற்றுவிடுவார்கள் என்ற பேச்சு ஓயாமல் எழுவதற்கு விளையாட்டின் தர்க்கத்தில் இடமில்லை.

இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1926இல் 20 வயதான கெர்ட்ரூட் எடெர்லி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண்ணானபோது, அவருக்கு முன் கடந்திருந்த ஐந்து ஆண்களின் சிறந்த நேரத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைத்தார். 2019இல் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் ஓட்டத்தில் ஜாஸ்மின் பாரிஸ் ஆண்கள், பெண்கள் அனைவரையும் முந்தி, அதுவரை இருந்த சாதனையை 12 மணி நேரம் முன்னதாக முறியடித்தார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துவந்த காலம் அது, வழியில் தங்குமிடங்களில் பாலை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடர்ந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இருபாலரும் சேர்ந்து பங்கேற்ற ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதலில் சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வென்றார். 1996இல் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் வந்தது 2000இல். தன் பட்டத்தைக் காக்க ஜாங் ஷானுக்கு 1996 ஒலிம்பிக்கில் இடமே இல்லாமல் போயிற்று.

பெண்கள் பிரிவின் எல்லையை எப்படி வரையறுப்பது என்பது இந்தத் துறையில் மிகக் கடினமான கேள்வி, அதைத் தொடாமல் கடப்பது நேர்மையாகாது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வைக்கப்பட்டார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் ஸ்பெயினின் தடைதாண்டும் வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தினோ அந்தச் சோதனையில் தகுதி நீக்கம் பெற்றார். அவருடைய உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத தன்மை உடையது, ஆகவே அதனால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஆனால் செய்தி வெளியே கசிந்து, உதவித்தொகையும் சாதனைகளும் பறிபோயின. போராடி 1988இல்தான் தகுதியை மீட்டார். உடலில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தவர்கள் அதைக் குறைத்தால்தான் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்ற விதியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க ஓட்டவீராங்கனை காஸ்டர் செமென்யா தொடுத்த வழக்கில், 2019இல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம், அந்த விதி பாகுபாடானது என்று ஒப்புக்கொண்டே, பெண்கள் பிரிவைக் காக்க அது தேவை என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறியது. அதே ஆண்டு உலகத் தடகளக் கூட்டமைப்பு பெண்கள் பிரிவில் பங்கேற்போருக்கு ஒருமுறை மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. எல்லை ஒன்று தேவை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த 60 ஆண்டுகளில், எல்லையைக் காக்கும் பெயரால் பெண்களாகவே பிறந்து வளர்ந்த பலர் உலகத்தின் முன் வைத்து அவமதிக்கப்பட்டார்கள். விதி எதுவாயினும், சோதனையின் முடிவைக் காதும் காதும் வைத்தாற்போல் காக்கத் தெரியாத நிர்வாகத்துக்கு அந்தச் சோதனையை நடத்தும் தகுதி இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி பணம். டென்னிஸில் 1972 அமெரிக்க ஓப்பனை வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 10,000 டாலரும், ஆண்கள் பட்டத்தை வென்ற இலீ நஸ்தாசேவுக்கு 25,000 டாலரும் கிடைத்தன. பரிசு சமமாகாவிட்டால் அடுத்த ஆண்டு வரப்போவதில்லை என்று கிங் அறிவித்தார்; 1973இல் அங்கே பரிசு சமமாயிற்று. விம்பிள்டன் சமமாக்க 2007 வரை ஆனது. அப்போதெல்லாம் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுவது, ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றுதானே என்பது. 1891 முதல் 1901 வரை அமெரிக்கத் தேசியப் போட்டியின் இறுதியில் பெண்கள் ஐந்து செட் முறையில்தான் ஆடினார்கள். அதை நிறுத்தியவர்கள் நிர்வாகிகள். மேலும், மூன்று நேர் செட்களில் எளிதாக வென்ற ஆணுக்கும் ஐந்து செட் போராடி வென்ற ஆணுக்கும் ஒரே பரிசுதான். ஆட்டநேரத்தைக் கொண்டு கூலி கணக்கிடும் பழக்கம் டென்னிஸில் ஒருபோதும் இருந்ததில்லை.

கால்பந்தில் இடைவெளி பெரிது. 2022 ஆண்கள் உலகக் கோப்பையின் பரிசுத்தொகை 44 கோடி டாலர். 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு 11 கோடி. 2015இல் பெண்களுக்கு 1.5 கோடி மட்டுமே என்பதை வைத்துப் பார்த்தால் ஏற்றம் பெரிதுதான். இங்கே நீங்கள் வருவாய்க் கணக்கைக் கேட்பீர்கள், கேட்க வேண்டும். ஆனால் 2023க்கு முன்வரை பெண்கள் உலகக் கோப்பையின் ஒளிபரப்பு உரிமை பெரும்பாலும் ஆண்கள் உலகக் கோப்பையுடன் சேர்த்து ஒரே கட்டாகவே விற்கப்பட்டது. கட்டாக விற்ற பொருளில் ஒன்றுக்கு மதிப்பே இல்லை என்று பிறகு சொல்வது எப்படிச் சரியாகும்? தனியாக விலை வைத்துப் பார்க்காத ஒன்றின் விலையைச் சந்தை தீர்மானித்துவிட்டது என்று வாதிட முடியாது. அமெரிக்காவில் பெண்கள் அணி ஆண்கள் அணியைவிடப் பெரிய வெற்றிகளைப் பெற்ற பிறகும் வழக்காட வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசமும், அதே ஆண்டு மே மாதம் இரு தேசிய அணிகளுக்கும் சம ஊதிய ஒப்பந்தமும் வந்தன.

பார்வையாளர்கள் காட்டப்படுவதைத்தான் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு நீண்ட ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய அந்த ஆய்வில், தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தி நேரத்தில் பெண்களின் பங்கு அப்போது ஏறத்தாழ 5 விழுக்காடு, 2019இல் 5.4 விழுக்காடு. அதே 30 ஆண்டுகளில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் பெண்கள் பெருகியிருந்தார்கள். செய்தி நேரம் அசையவில்லை. எத்தனை நேரம் என்பதைப் போலவே எப்படிப் பேசுகிறோம் என்பதும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்டி மரே வென்றதும், டென்னிஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் மனிதர் நீங்கள் என்று தொகுப்பாளர் பாராட்டினார். வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு வென்றிருக்கிறார்களே என்று மரே அமைதியாகத் திருத்தினார். தொகுப்பாளரிடம் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. 'மனிதர்' என்று சொல்லும்போது மனத்தில் ஆண்கள் மட்டுமே நிற்பது, எண்ணம் என்பதையும் தாண்டி ஊறிப்போன பழக்கம்.

ஆடும் பெண்ணுக்கு அன்றாடம் உறைப்பவை இவற்றைவிடச் சிறியவையாகத் தோன்றும் செய்திகள். 2021இல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதிலாக அரைக்காற்சட்டை அணிந்ததற்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் விதி மாறியது. மறுபுறம், தலையை மூடும் துணிக்கு ஃபிஃபா விதித்திருந்த தடை 2014 வரை நீடித்தது. குறைவாக உடுத்தச் சொன்ன விதியும், மறைத்து உடுத்தக் கூடாது என்ற விதியும் அணிபவரைக் கேட்டு எழுதப்படவில்லை. முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவு பெண் கால்பந்தாட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேர்கிறது. 2023 உலகக் கோப்பையை லியா வில்லியம்சன், பெத் மீட், விவியான் மீடெமா போன்ற முன்னணி வீராங்கனைகள் அதனாலேயே இழந்தார்கள். ஆனால் விளையாட்டு மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்பாளர்களாக இருப்போரில் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மகப்பேறும் அப்படியே. 1948இல் நெதர்லாந்து ஓட்டவீராங்கனை ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் இரண்டு குழந்தைகளின் தாயாக, 30 வயதில், நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்றார். வீட்டில் குழந்தைகளைப் பார்க்காமல் ஓடப் போகிறாயா என்று அவருக்குக் கடிதங்கள் வந்தன. 2019இல் அமெரிக்க ஓட்டவீராங்கனை ஆலிசன் ஃபெலிக்ஸ், தன் காலணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் ஊதியக் குறைப்பு முன்வைக்கப்பட்டதையும், மகப்பேற்றுக் காலத்துக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டதையும் வெளிப்படையாக எழுதினார். சில மாதங்களில் அந்த நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. கால்பந்தில் குறைந்தது 14 வார ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 2021இல்தான் விதியாயிற்று.

முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்கா 1972இல் கொண்டுவந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது. அதன் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அதன் பலனாக உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடும் பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவாக இருந்த நிலை மாறி 30 லட்சத்தைத் தாண்டினார்கள். அதே சட்டம் எதிர்பாராத ஒன்றையும் செய்தது. 1972க்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்கள் அந்தப் பதவிகளுக்கு வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக 5,250 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதற்கு முந்தைய டோக்கியோவில் பயிற்சியாளர்களில் பெண்கள் 13 விழுக்காடு மட்டுமே. சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு பெண், கிர்ஸ்டி கவென்ட்ரி, தலைவராக வந்தது 2025இல், குழு தொடங்கி 131 ஆண்டுகள் ஆனபின். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசரின் பாலியல் குற்றங்கள் பல ஆண்டுகள் புகார்கள் வந்தும் தொடர்ந்ததையும், 2018 விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று பேச வேண்டியிருந்ததையும், அதிகாரம் யாரிடம் குவிந்திருந்தது என்பதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியாக, உங்கள் கேள்வியின் சொற்களே அண்மையில் எங்கே பயன்பட்டன என்பதைச் சொல்கிறேன். பனிச்சறுக்குத் தாண்டுதலையும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டத்தையும் இணைத்த நார்டிக் கம்பைன்ட், ஆண்களுக்கு 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களுக்கு அதில் உலகக் கோப்பைத் தொடர் 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. 2022 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு, 2026 போட்டியில் பெண்களுக்கு இதில் இடமில்லை என்று முடிவு செய்தது. பங்கேற்கும் நாடுகள் குறைவு, பார்ப்போர் குறைவு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆண்களின் போட்டிக்கும் பார்வையாளர் குறைவு என்று குழுவே கூறியது. ஆனால் ஆண் வீரர்கள் பல ஆண்டுகளாக ஆயத்தமாகிவிட்டார்கள் என்பதற்காக அதை விட்டுவைத்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லாத ஒரே விளையாட்டாக அது நின்றது. அந்த முடிவுக்குப் பிறகு, உலகக் கோப்பைப் போட்டிகளின் தொடக்கக் கோட்டில் அந்த வீராங்கனைகள் தங்கள் பனிச்சறுக்குக் கழிகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காக உயர்த்திப் பிடித்தார்கள். பிறகு கழிகளை இறக்கிவிட்டு ஓடத் தொடங்கினார்கள்.